பெரிய வெள்ளிச் சேவல்

"இந்த ஆப்பை நீக்க முடியாது" என்று போன் மறுபடியும் சொன்னது. மாரிஸ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, இன்னொரு தடவை அழுத்திப் பார்த்தார். போன் தன் வார்த்தையில் உறுதியாக இருந்தது.

"என் காசுல வாங்கின போன். எனக்கே முடியாதுங்குது," என்றார்.

"வாங்கும்போதே கேட்டிருக்கணும், உங்க ரெண்டு பேர்ல யாரு முதலாளின்னு," என்றாள் அவர் மனைவி உர்சுலா, வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

மாரிஸ் மலேசியாவின் போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் ஒரு கிடங்கின் சூப்பர்வைசர். அவர் கையெழுத்துப் போடாமல் அங்கே ஒரு கண்டெய்னரின் கதவும் திறக்காது. அப்பேர்ப்பட்டவரை உள்ளங்கை அகலத்துப் பொருள் ஒன்று வாசலிலேயே நிறுத்தி வைத்திருந்தது.

உர்சுலாவின் போனிலிருந்து அவர் நீக்கப் பார்த்தது ஒரு விளம்பர ஆப். போன் கம்பெனியே போட்டு அனுப்பியது. நினைத்த நேரத்தில் தானாகத் திறந்துகொள்ளும். முதலில் ஒரு சேவல் கூவும். பிறகு ஒரு பெண் "பெடாஸ், பெடாஸ், ஆயாம் கோரெங்" என்று, காரசாரமான பொரித்த கோழி சாப்பிட மலாயில் கூப்பிடுவாள். போனைச் சத்தமில்லாமல் வைத்தாலும் சேவலுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது.

வீட்டில் கூவிய வரைக்கும் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பெரிய வெள்ளியன்று மாதா கோயிலில் கூவியதுதான் வினையாகிப் போனது.

இயேசு இறந்த நாள் அது. அன்று கோயிலில் மணிகூட அடிப்பதில்லை, யாரும் இறைச்சி தொடுவதில்லை. வழிபாடு தொடங்கும்போது பங்குச் சாமியார் ஃபாதர் மார்வின் பீடத்துக்கு முன்னால் தரையில் நெடுஞ்சாண்கிடையாகக் குப்புற விழுந்து கிடப்பார். சனமெல்லாம் முழங்காலில் இருக்கும். குழந்தைகள்கூட இருமாத அந்த அமைதியில்தான் சேவல் கூவியது.

சத்தம் துணிக்குள்ளிருந்து வருவதுபோல அமுங்கித்தான் கேட்டது, ஆனால் எல்லோருக்கும் கேட்டது. பீடத்தின் பக்கத்திலேயே பாடகர் குழு. குழுவின் தலைவி உர்சுலா. அவள் போன் துணிப்பைக்குள். பையைத் தூக்கி மடியில் போட்டு அதன்மேல் கவிழ்ந்து படுத்தாள். கோழி வாங்கச் சொல்லி முடித்துவிட்டுத்தான் அந்தப் பெண் ஓய்ந்தாள். அதற்குள் கோயில் முழுக்க உர்சுலாவைப் பார்த்தாகிவிட்டது.

அதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. இயேசுவின் பாடுகளின் வரலாற்றை வாசித்தபோது, சீடர் பேதுரு அவரைத் தெரியாதென்று மறுதலித்ததும் "உடனே சேவல் கூவிற்று" என்ற இடம் வந்தது. பின்வரிசையில் யாரோ சிரிப்பை அடக்கப் பார்த்துத் தோற்றார்கள். அடுத்து வாசிக்க வேண்டிய ஃபாதருக்கே குரல் தடுமாறியது.

ஃபாதர் ஒரு வார்த்தை கண்டிக்கவில்லை. அவ்வளவு பெருந்தன்மை. ஈஸ்டர் பிரசங்கத்தில்கூட, பிறரைத் தீர்ப்பிட நமக்கு அதிகாரமில்லை என்று உருக்கமாகப் பேசினார். அப்போதும் எல்லோரும் திரும்பி உர்சுலாவைத்தான் பார்த்தார்கள். அன்றைக்கே அவள் பாடகர் குழுவை விட்டு விலகிவிட்டாள். குழு, அவளுக்குப் பல வருடமாக இரண்டாம் குரல் பாடி வந்த பெர்னிஸின் கைக்குப் போனது.

போனை வாங்கியது மாரிஸ்தான். கிறிஸ்துமஸ் சமயத்தில் பிரிக்பீல்ட்ஸ் கடையொன்றில், ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று எழுதிப் போட்டிருந்தார்கள். வாங்கியதை மனைவிக்குக் கொடுத்தார். இலவசத்தைக் கோயிலுக்கு நன்கொடையாகக் கொடுத்து, மைக்கில் தன் பெயர் வாசிக்கப்பட்டதைக் கேட்டுப் பூரித்தும் போனார். அந்தப் பூரிப்புக்கெல்லாம் சேர்த்து இப்போது அனுபவித்துக்கொண்டிருந்தார்.

வேறு போன் வாங்கித் தருகிறேன் என்றார். போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் பாடப் போ என்றார். இரண்டுக்கும் உர்சுலா மசியவில்லை.

"விட்டுட்டுப் போனா குத்தத்த ஒத்துக்கிட்ட மாதிரி. இதே போன் என் கையோட வரணும், வாயத் திறக்கக் கூடாது. அப்பதான் நான் பாடுவேன்."

ஜூன் மாதம் பங்குத் திருவிழா. அதற்காக அவளே ஒரு பாட்டுக்கு மெட்டுப் போட்டு வைத்திருந்தாள். சமையலறையில் முணுமுணுத்துக்கொண்டே இருந்தவள், விலகிய நாளிலிருந்து ரேடியோகூடப் போடுவதில்லை. அந்த மௌனம் மாரிஸுக்குத் தாங்கவில்லை. திருவிழாவுக்குள் இவளைப் பாட வைக்காவிட்டால் நான் மாரிஸ் இல்லை என்று குளியலறையில் சத்தமாகச் சொல்லிக்கொண்டார்.

வழி சொன்னவன் லோகன். கிடங்கில் பில் போடுபவன், எதையும் வீடியோவில் பாதி பார்த்துக் கற்றுக்கொண்டவன். போன் கண் விழிக்கும்போது முதலில் ஓடும் பகுதிக்குப் பெயர் பூட்லோடர், அதைக் கம்பெனிக்காரன் பூட்டி வைத்திருக்கிறான், அந்தப் பூட்டைத் திறந்தால்தான் ரூட் என்கிற முழு அதிகாரம் கைக்கு வரும், அதற்குப் பிறகு எந்த ஆப்பையும் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளலாம் என்று விளக்கினான்.

"அப்ப கண்டெய்னர் சீல் வெட்டுற மாதிரி," என்றார் மாரிஸ்.

"அதேதான் அண்ணே. என்ன கேட்டாலும் யெஸ் அழுத்துங்க லா."

சனிக்கிழமை மத்தியானம் மேசையில் லேப்டாப்பை விரித்தார். உர்சுலாவின் படங்களையெல்லாம் முதலில் பத்திரமாக எடுத்து வைத்தார். செட்டிங்கில் ஓரிடத்தை விடாமல் தட்டினார். நீங்கள் இப்போது டெவலப்பர் ஆகிவிட்டீர்கள் என்றது போன். மாரிஸ் நிமிர்ந்து உட்கார்ந்தார். கேபிளைச் செருகி, கட்டளையை ஒவ்வொரு எழுத்தாக அடித்தார். திரையில் ஆங்கிலத்தில் நீளமாக ஏதோ வந்தது. லோகன் சொன்னபடி யெஸ் அழுத்தினார். அழுத்திய பிறகுதான் படித்தார். பூட்டைத் திறந்தால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துபோகும் என்று எழுதியிருந்தது.

போன் பிறந்த குழந்தையாக எழுந்து, எந்த மொழி வேண்டும் என்று கேட்டது. படங்கள் இருந்தன. குரல் பதிவுகளைத்தான் அவர் எடுத்து வைக்கவில்லை. திருவிழா மெட்டு அதில்தான் இருந்தது.

உர்சுலா, இந்த ஒன்றரை மாதத்தில் பாதி மெட்டு மறந்துவிட்டது என்று மட்டும் சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போனாள். திட்டியிருந்தால் மாரிஸ் நிம்மதியாக இருந்திருப்பார்.

பழகிப் பார்க்கச் சொல்லி அந்த மெட்டை உர்சுலா முன்பே பெர்னிஸுக்கு அனுப்பியிருந்தது அவருக்கு நினைவுக்கு வந்தது. ஞாயிறு பூசை முடிந்ததும் பெர்னிஸ் வீட்டு கேட்டில் போய் நின்றார். பெர்னிஸ் அன்பாக மைலோ கலக்கிக் கொடுத்தாள், விஷயத்தைக் கேட்டாள், பதிவைத் தருவதாகவும் சொன்னாள். கிளம்பும்போதுதான் விலை சொன்னாள்.

"உர்சுலா திரும்பி வரட்டும் அண்ணே, எனக்குச் சந்தோஷம்தான். ரெண்டாவது சரணம் மட்டும் நான் தனியாப் பாடுறேன்."

மாரிஸ் தலையாட்டிவிட்டார். மனைவியின் பாட்டில் ஒரு சரணத்தை அவளைக் கேட்காமலே தாரை வார்த்துவிட்டு மெட்டோடு வீடு வந்தார். உர்சுலா அன்றைக்கு அவருக்கு ரசம் மட்டும் ஊற்றினாள்.

ஆனாலும் விடுவதாக இல்லை. அடுத்த சனிக்கிழமை ரூட்டும் ஆகிவிட்டது. முழு அதிகாரம். அன்றிலிருந்து போனைத் திறக்கும்போதெல்லாம், பூட்டுத் திறந்த இந்தக் கருவியை நம்ப முடியாது என்று ஆங்கிலத்தில் ஒரு எச்சரிக்கை வந்தது.

"யாரப் பத்திச் சொல்லுது?" என்று கேட்டாள் உர்சுலா.

பாங்கு ஆப்பும் அதையேதான் நினைத்தது. பாசார் சந்தையில் மீன்காரர் ஒரு கெம்போங் மீனை வெட்டிக் கழுவிப் பையில் போட்டு நீட்டிய பிறகு, இந்தப் போனில் நான் வேலை செய்ய மாட்டேன் என்று பாங்கு ஆப் மறுத்துவிட்டது. உர்சுலாவிடம் ரொக்கம் இல்லை. பின்னால் காத்திருந்தவர்கள் பெருமூச்சு விடத் தொடங்கினார்கள். கடைசியில் மாரிஸ் கிடங்கிலிருந்து பைக்கில் வந்து மீனை மீட்டார்.

இத்தனைக்கும் சேர்த்து அன்று மாலையே ஆப்பைப் பழி தீர்த்தார். சேவல் ஆப்பை அழுத்தினார், நீக்கு என்றார், அது சத்தமில்லாமல் போய்விட்டது. அதோடு நிறுத்தியிருக்கலாம். அதிகாரம் கையில் வந்ததும் மனுஷனுக்கு ஒரு வேகம் வந்துவிடுகிறதே. பெயர் புரியாததையெல்லாம் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனார். அதில் எது முக்கியமானதோ, போன் கம்பெனி பெயரைக் காட்டியது, அணைந்தது, திரும்பவும் பெயரைக் காட்டியது, அணைந்தது. சாப்பிட்டு முடித்து வந்து பார்த்தபோதும் அதையே செய்துகொண்டிருந்தது.

மறுநாள் லோகனைக் கேட்டார். அந்த வீடியோவில் அந்தப் பகுதியைத் தான் பார்க்கவில்லை என்றான்.

லீவு போட்டுவிட்டு கொமூட்டர் ரயிலில் ஏறி பிரிக்பீல்ட்ஸுக்கே போனார். கடைக்காரர் போனைக் கையில் வாங்கக்கூட இல்லை. "பூட்டு உடைச்சா வாரண்டி இல்ல பாஸ்," என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கவனித்தார். திரும்பி வரும் வழியெல்லாம் மாரிஸ் பல்லைக் கடித்துக்கொண்டு, வீடியோக்களை முதலிலிருந்து கடைசிவரை பார்த்தார். லோகன் பார்க்காத பகுதிகளையும் பார்த்தார். வீட்டுக்கு வந்து, கம்பெனியின் பழைய மென்பொருளை இறக்கிப் போனுக்குள் திரும்ப ஏற்றினார். போன் உயிர் பெற்றது. ஒளி வந்தது. மாரிஸ் சிலுவை போட்டுக்கொண்டார்.

எழுந்ததும் போன் முதல் வேலையாகக் கூவியது.

பழையபடி எல்லாம் வந்தபோது சேவலும் வந்துவிட்டது. சமையலறையிலிருந்து உர்சுலாவின் சிரிப்புச் சத்தம் கேட்டது. பெரிய வெள்ளிக்குப் பிறகு அவள் சிரித்தது அன்றுதான். அவருக்கு அழுகையும் வந்தது, வைராக்கியமும் வந்தது.

மறுபடி பூட்டைத் திறந்தார். மறுபடி ரூட் செய்தார். இம்முறை சேவலை மட்டும் நீக்கிவிட்டு, கையை எடுத்துத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டார். ஆனாலும் எங்கோ எதையோ தொட்டிருக்க வேண்டும். சேவல் போனது, விளம்பரம் போனது, கூடவே போன் அடிக்கும் சத்தமும் போய்விட்டது. யார் கூப்பிட்டாலும் ஊமையாகக் கிடந்தது.

தலையைக் குனிந்துகொண்டு அதை உர்சுலாவிடம் நீட்டினார். அவள் ஒரு வாரம் அதைச் சாப்பாட்டு மேசைமேலேயே வைத்துப் பரீட்சை பார்த்தாள். அது ஒரு முணுக்குக்கூட விடவில்லை.

"இதுதான் கோயிலுக்குப் போற போன்," என்றாள். அன்று சாயங்காலம் பெர்னிஸைக் கூப்பிட்டு, இரண்டாவது சரணத்தில் எங்கே மூச்சு விட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தாள்.

திருவிழாப் பூசைக்குக் கோயில் நிரம்பி வெளியேயும் சனம் நின்றது. உர்சுலா போனை எல்லோரும் பார்க்கும்படி பாட்டு ஸ்டாண்டின் மேலேயே வைத்தாள். பாடத் தொடங்கியதும் பின்வரிசைக் கிசுகிசுப்பு அடங்கிவிட்டது. பெர்னிஸும் தன் சரணத்தை நன்றாகத்தான் பாடினாள். நற்கருணை முடிந்து எல்லோரும் மௌனமாக இருந்த நேரத்தில் சிலர் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். மின்விசிறிச் சத்தம்தான் கேட்டது. மாரிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். யாராவது பார்த்திருந்தாலும் அவருக்குக் கவலையில்லை.

பூசை முடிந்து மண்டபத்தில் நாசி லெமாக் சோறு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வரிசையில் நின்ற மாரிஸின் தோளைத் தொட்டு ஃபாதர் மார்வின் கூப்பிட்டார். பூசை உடுப்பு மாற்றும் அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். பாராட்டத்தான் கூப்பிடுகிறார் என்று மாரிஸ் சட்டையை இழுத்து விட்டுக்கொண்டார்.

"உர்சுலா போன நீங்களே பூட்டத் திறந்து சரி பண்ணீங்களாமே?"

"ஆமா ஃபாதர். ரூட் பண்ணிட்டேன். இனி ஜென்மத்துக்கும் கூவாது."

ஃபாதர் கதவை இன்னொரு தரம் பார்த்துக்கொண்டார். பிறகு அங்கிப் பைக்குள் கையை விட்டு, கிறிஸ்துமஸுக்கு மாரிஸ் கொடுத்த அந்த இலவசப் போனை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"அப்ப இதையும் கொஞ்சம் பண்ணிக் குடுங்க மாரிஸ்," என்றார், பாவசங்கீர்த்தனத்தில் பாவம் சொல்கிற குரலில். "அன்னைக்குக் கூவினது இதுதான்; குப்புறப் படுத்திருக்கிறவன் பாக்கெட்ல இருந்து எப்படி லா எடுக்குறது?"