படமரத்தில் இடிக்கும் வயிறு குறித்து மச்சானுக்கு

ஆரணி

கர்த்தருக்குள் அன்பான மச்சான் சார்லிக்கு,

உன் அக்கா வீட்டுக்காரன் ஜோசப்ராஜ் எழுதுவது. இங்கே நானும் உன் அக்கா அமலாவும் ஆண்டவர் கிருபையால் சுகம். அதில் அமலா கொஞ்சம் கூடுதல் சுகம். வேலூரில் நீயும் உன் ஜிம்மும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க ஜெபிக்கிறேன். போன் இருக்கும்போது எதற்குத் தபால் என்று கேட்பாய். என் வாட்ஸ்அப்பை முதலில் படிப்பது உன் அக்காதான். எனக்கு வருவதை மட்டுமல்ல, நான் அனுப்புவதையும் படிக்கிறாள். அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

விஷயம் உனக்குப் பாதிதான் தெரியும். தறிக்குழியில் காலை விட்டுப் பலகையில் உட்கார்ந்தால், நெய்த சேலை சுருளும் படமரம் நம் வயிற்றுக்கு நேரே இருக்கும். இத்தனை வருஷமாக அதற்கும் எனக்கும் நடுவே ஒரு கை தாராளமாகப் புகும். லெந்து உபவாச நாட்கள் தொடங்கிய வாரம் ஒரு காலையில் உட்கார்ந்தால், வயிறு போய்ப் படமரத்தில் இடிக்கிறது. மூச்சை இழுத்தால் நெய்ய முடியவில்லை, விட்டால் பட்டில் சுருக்கம் விழுகிறது. தறிக்குப் பாவு நூல் கொடுக்கும் முதலாளி பச்சையப்பன் வந்து பார்த்தார். "இன்னா ஜோசப்பு, பொடவைய நெஞ்சிகினு கீறியா, அது மேல சாஞ்சிகினு கீறியா? முகூர்த்தத்துக்குப் போற சரக்கு. இந்தப் பாவு முடியட்டும், அடுத்த பாவு வேற தறிக்குதான்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் சமாதானம் பேசியிருப்பேன். சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குப் பயம் வந்துவிட்டது மச்சான். மீசை முளைக்கும் முன்னால் இறங்கிய குழி, வேறு வேலை ஒன்றும் தெரியாது. அமலா உனக்குப் போன் போட்டாள். நீயும் வயிறு நிறையணும், புரோட்டீன் ஏறணும், கலோரி இறங்கணும் என்று மத்தியானத்துக்கும் ராத்திரிக்கும் ஒரு பிளான் அனுப்பினாய். நல்ல எண்ணத்தில்தான் அனுப்பினாய், அதில் எனக்குச் சந்தேகமில்லை.

தட்டில் பாதி காய், கால்வாசி பருப்போ முட்டையோ, மிச்சக் கால்வாசிதான் சோறு என்றாய். நாலு பக்கமும் அரிசி மில் இருக்கிற ஊரில் குடியிருப்பவனிடம் சொல்கிற பேச்சா இது? ஆனாலும் கீழ்ப்படிந்தேன். எந்தத் தட்டு என்று நீ சொல்லவில்லை. பரணில் நிச்சயதார்த்தத்துக்கு வரிசை வைக்கிற தாம்பாளம் ஒன்று சும்மா கிடந்தது. அதை எடுத்துக் கழுவி, பாதிக்குக் கீரை, கால்வாசிக்குச் சுண்டல், கால்வாசிக்குச் சோறு என்று வைத்தேன், கணக்கு ஒரு பருக்கை பிசகவில்லை. பாதி சாப்பிடும்போது அமலா பார்த்துவிட்டாள். அன்றிலிருந்து எனக்குக் காபி டம்ளர் வைக்கிற தட்டு. பிறகு புதன்கிழமை ராத்திரிக்குப் பன்னீர் நூறு கிராம் என்று போட்டிருந்தாய். ஓட்டலில் பன்னீர் மசாலா நானும் சாப்பிட்டிருக்கிறேன். வாசனைக்கு வைத்த பேர் என்று நினைத்திருந்தேன். கடையில் கேட்டால், "கிராம் கணக்குல வராதுங்க, பாட்டில்தான்" என்றான். வாங்கி வந்து சுண்டலில் தாராளமாகத் தெளித்தேன். ஒரு வாய் வைத்ததும் கல்யாண மண்டப வாசலில் நிற்கிற மாதிரி இருந்தது. பக்கத்து வீட்டுச் செல்லம்மாள் மோப்பம் பிடித்து வந்து, "கமகமன்னு கீதே, யாருக்கு நிச்சயம்? எங்களுக்கு ஒரு வார்த்த சொல்லலியே" என்று கேட்டாள். இல்லை, நான் சாப்பிடுகிறேன் என்று உண்மையைச் சொன்னேன். அதிலிருந்து அவள் அமலாவிடம் என்னைப் பற்றித் தாழ்ந்த குரலில்தான் விசாரிக்கிறாள்.

அடுத்தது கொள்ளு. இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று பெரியவர்கள் சொன்னது சரிதான். அவர்களில் யாரும் ராத்திரி கொள்ளு தின்றுவிட்டுக் காலையில் தறிக்குழியில் உட்கார்ந்தவர்கள் இல்லை. குழி காற்று போகிற இடம் அல்ல. இதற்கு மேல் எழுதினால் மரியாதை இருக்காது.

சபையில் மட்டும் எனக்குக் கொஞ்ச நாள் நல்ல பேர் இருந்தது. சோற்றை ஒதுக்குவதைப் பார்த்து, "பிரதர் ஜோசப்ராஜ் உபவாசம் இருக்கிற மாதிரி இருக்கணும்" என்று உபதேசியார் கூட்டத்திலேயே சொன்னார். நானும் மறுக்கவில்லை. ஈஸ்டர் கழிந்து, எங்கள் சபை சாரா வீட்டுக் குழந்தையின் ஞானஸ்நான விருந்தில் அந்தப் பேரும் போனது. பிரியாணி. உன் பிளான்படி எனக்குச் சோறு ஆகாது, புரோட்டீன் ஆகும். "பீஸ் மட்டும் போடுங்க" என்றேன். இரண்டாம் தடவையும் அப்படியே கேட்டேன். பரிமாறின பிள்ளை நின்றுவிட்டான். "மாமா, நீங்க பீஸா பொறுக்கிகினா பின்பந்திக்கு இன்னா, குஸ்காவா? பேஜார் பண்ணாதீங்க" என்றான். பந்தி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. முன் வரிசையில் உபதேசியார்.

இவ்வளவும் தாங்கிக்கொண்டேன். எடை மிஷினில் ஏறிப் பார்த்தேன், நாலு கிலோ இறங்கியிருக்கிறது. லுங்கி ஒரு சுற்றுக் கூடுதலாகச் சுற்றுகிறது. கன்னம் ஒட்டிவிட்டது. ஆனால் வயிறு மட்டும் இன்றைக்கும் படமரத்தில்தான் இடிக்கிறது. பாவு முடியப் போகிறது. இளைத்தும் பயனில்லை என்றால் சோறாவது தின்றுவிட்டுப் போகிறேன். ஆகவே உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன், பிளான் முடிந்தது, மாமாவுக்கு இனிமேல் வயிறாரச் சோறு போடு என்று உன் அக்காவுக்கு உன் வாயால் ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பு. நீ சொன்னால்தான் கேட்பாள். ஜல்தியாக அனுப்பு.

உன் வீட்டில் பெரியவர்களுக்கு என் ஸ்தோத்திரம், பிள்ளைகளுக்கு முத்தம். ஆண்டவர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக.

இப்படிக்கு,
சோற்றுக்கு ஏங்கும் உன் மாமா
ஜோசப்ராஜ்

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்குள், குறுக்கு நூல் ஓட்டுகிற நாடா கைதவறிக் குழிக்குள் விழுந்தது. எடுக்கக் குனிந்தால், நான் உட்கார்கிற பலகைக்குப் பின்னால் இரண்டு செங்கல். பலகை நாலு விரற்கடை முன்னால் தள்ளியிருக்கிறது. அமலாவைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"நான்தான் வெச்சேன். எனக்குக் கால் மிதி எட்டல."

"நீ எதுக்கு மிதிக்கிற? தாருக்கு நூலு சுத்தறதுதானே உன் வேல?"

"மத்தியானம் துன்னுட்டு நீங்க தூங்கிடறீங்க. பொடவ நாள் தள்ளிப்போச்சுன்னா பாவ எடுத்துகினு பூடுவாங்க. அதான் ஒக்காந்து நெஞ்சேன்."

"வயிறு இடிக்குதுன்னு நான் பொலம்பறப்போ சொல்லக் கூடாதா?"

"சொன்னா பலகைய பின்னால தள்ளிடுவீங்க. அப்புறம் நான் எப்பிடி நெய்யறது?"

செங்கல்லை எடுத்துப் பலகையைத் தள்ளி உட்கார்ந்து பார்த்தேன். கை இல்லை, முழங்கையே புகுகிறது. வேளைக்கு வேளை பலகையை நகர்த்தினால் உட்காரும் வாகு மாறும், நூலை அடிக்கிற அடி மாறும், பட்டில் தெரிந்துவிடும். அதனால் செங்கல்லை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன். மேலே எழுதியதை எல்லாம் கிழித்துவிடு. அக்காவுக்கு ஒன்றும் சொல்லாதே. பலகை அவள் காலுக்குத் தக்கபடியே இருக்கட்டும், மீதி நாலு விரற்கடையை நான் இளைத்துக்கொள்கிறேன். பிளானை நிறுத்தாதே.