வீட்டுக்கு முன்னால் ஏழு மனை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் அக்காவைக் கட்டிக்கொண்ட ஒரே குற்றத்துக்காக முப்பத்தோரு வருடமாக உன் கேலியைத் தாங்கிவரும் அத்தான் எழுதுவது. இங்கே நானும் உன் அக்காவும் நலம். அங்கே நீயும் பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டும், அதற்கு மேல் எனக்கு ஒன்றும் வேண்டாம். உன் கடிதம் கிடைத்து நாலைந்து மாதம் ஆகிறது. நல்ல தடித்த தாள். மடித்தால் மடித்தபடி நிற்கிறது. இந்தக் காலத்தில் கடிதத்துக்கு யார் இப்படித் தாள் வாங்குகிறார்கள்? தினமும் காலையில் அதைக் கையில் எடுக்கிறேன் என்றால் நீ நம்ப மாட்டாய்.

அடுத்த வருடம் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் எங்கள் தெருவுக்கே வந்துவிடப்போவதாக எழுதியிருக்கிறாய். எங்கள் வீட்டுக்கும் முன்னால், கடல் பக்கமாக ஒரு மனை வேண்டும், படுத்தால் அலைச் சத்தம் கேட்க வேண்டும், வீட்டை நானே கட்டித்தர வேண்டும் என்கிறாய். மனைக்கென்ன பஞ்சம்? எங்கள் வீட்டுக்கு முன்னால் இப்போது ஏழு மனை காலியாக இருக்கிறது. தண்ணீர் உள்வாங்கியிருக்கும் நேரமாகப் பார்த்து வந்தால் எல்லைக்கல்லைக்கூடக் காட்டுகிறேன். அலைச் சத்தத்துக்கும் குறைவில்லை. முன்பு ஜன்னலைத் திறந்தால்தான் கேட்கும். இப்போது காதைப் பொத்திக்கொண்டாலும் கேட்கிறது.

நீ கடைசியாக வந்துபோய் ஆறு வருடம் ஆகிறது, அதனால் விவரமாகச் சொல்கிறேன். இந்தத் தெருவின் பதினொரு வீடும் நான் கட்டியவை. கடலிலிருந்து எண்ணிக்கொண்டு வந்தால் எட்டாவது எங்களுடையது. ஒவ்வொரு வீட்டிலும் கடைசிப் பூச்சு முடிந்ததும் சுவரில் உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டிவிட்டு, "நூறு வருஷத்துக்குக் கவலை இல்லை. விரிசல் விட்டா எப்ப வேணும்னாலும் கூப்பிடுங்க, நான் இந்தத் தெருவுலதான் இருப்பேன்" என்று சொல்வேன். அகம்பாவம்தான், வேறென்ன. கடைசியில் எல்லோரும் கூப்பிட்டார்கள்.

முதலில் போனது படகு மெக்கானிக் வீடு. அப்புறம் வரிசையாக ஒவ்வொன்றாக, ஐந்தாவதாக டெய்லர் வீடு. கடல் வந்து சுவரை இடிக்கிறது என்று நினைத்துக்கொள்ளாதே, அதற்கு அவ்வளவு அவசரம் இல்லை. அடியில் இருக்கிற மணலை மெல்ல மெல்ல உருவிக்கொண்டு போகிறது. டெய்லர் வீட்டு அஸ்திவாரம் முழுசாக வெளியே தெரிந்தபோது தெருவே கூடி வேடிக்கை பார்த்தது. அந்த மனிதர் இருபத்தாறு வருடமாக நான் அஸ்திவாரத்தில் ஒரு வரிசைக் கல்லைக் குறைத்துவிட்டேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவர். அவர் கையைப் பிடித்து இழுத்துப்போய், "எண்ணிக்கோங்க" என்றேன். முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு எண்ணினார். "சரியாத்தான் இருக்கு கொத்தனாரே. மன்னிச்சிடுங்க" என்றார். நாலாம் நாள் வீடு விழுந்தது. இப்படி ஒரு வெற்றி என் எதிரிக்கும் வேண்டாம்.

பிறகு ஓர் அதிகாரி வந்தார். சின்ன வயது, காலில் ரப்பர் பூட்ஸ். "உலகமே சூடாகுது பெரியவரே. எங்கெங்கேயோ பனி உருகுது, கடல் மட்டம் ஏறுது, புயலும் முன்ன மாதிரி இல்லை" என்று பொறுமையாக விளக்கினார். "எங்கேயோ உருகுற பனிக்கும் எங்க டெய்லருக்கும் என்ன சார் முன்பகை?" என்று கேட்டேன். அவர் காலி செய்ய வேண்டிய வீடுகள் என்று எல்லா வாசலிலும் சிவப்பு மையில் ஓர் எண் எழுதிவிட்டுப் போனார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. சூடு எனக்குத் தெரியாதா? இந்தக் கோடையில் சட்டியிலிருந்து கரண்டிக்கு வருவதற்குள் சிமென்ட் கலவை இறுகிவிடுகிறது. வரக் கூடாத மாதத்தில் மழை வந்து முந்தின நாள் பூச்சைத் தரையில் வழித்துப் போட்டுவிட்டுப் போகிறது. கிணற்றுத் தண்ணீர் கரிக்கிற கரிப்பில் உன் அக்கா உப்பு வாங்குவதையே நிறுத்திவிட்டாள்.

போன மாதம் ஏழாவது வீடு, அதாவது எங்கள் அடுத்த வீட்டு டீச்சர் வீடு. தனியாக இருந்த அம்மா. கடல் பக்கத்துச் சுவர் அப்படியே சாய்ந்துவிட்டது. டீச்சர் இரண்டு பைகளை எடுத்துக்கொண்டு வாசல் வழியாக வெளியே வந்தார், கதவைச் சாத்திப் பூட்டினார், பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார். ஜன்னல் வழியாகப் பார்த்தால் உள்ளே கடல் தெரிகிறது, இவர் பூட்டை இழுத்துப் பார்க்கிறார். யாரும் சிரிக்கவில்லை மாப்பிள்ளை. சாவியை என் கையில் கொடுத்து, "கொத்தனாரே, சமையலறையில ஒரு விரிசல் இருக்கு. நேரம் கிடைக்கும்போது பார்த்துடுங்க" என்றார். "சரிங்க டீச்சர்" என்றேன். வேறு என்ன சொல்ல? அவர் ஏறிய வண்டி தெருமுனையில் திரும்பியதும் அறுபத்து நாலு வயதில் நடுத்தெருவில் நின்று அழுதேன். அடுத்த வாரம் கதவும் போய்விட்டது. சாவி எங்கள் வீட்டு ஆணியில் தொங்குகிறது.

இதையெல்லாம் படித்துவிட்டு எங்களைப் பற்றிக் கவலைப்படாதே. எங்கள் வீடு அசையவில்லை. தினமும் காலையில் உன் அக்கா பார்க்க, கூடத்துத் தரையில், தளம் சமமாக இருக்கிறதா என்று பார்க்கிற ரசமட்டத்தை வைத்துக் காட்டுகிறேன். குமிழி நட்ட நடுவில் நிற்கிறது, இம்மி நகரவில்லை. "பாத்துக்கோ" என்பேன். "பாத்துட்டேன்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். மிச்சமிருக்கிற நாலு வீட்டில் மூன்றை என் வார்த்தையை நம்பித்தான் கட்டினார்கள். இங்கேதான் இருப்பேன் என்று சொன்னவன் முதல் ஆளாக மூட்டை கட்டினால் நன்றாகவா இருக்கும்? ஆகவே நீ இங்கே வராதே, எங்களையும் அங்கே கூப்பிடாதே. இது முடிவான பேச்சு.

பிள்ளைகளுக்கு என் ஆசிகள். எல்லோரும் மேடான இடத்தில் நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
உன் அத்தான்

பின்குறிப்பு: உறையை ஒட்ட நினைத்தேன், முடியவில்லை. உன் முகவரி உன் கடிதத்தில்தான் இருக்கிறது, உன் கடிதமோ ரசமட்டத்துக்கு அடியில் இருக்கிறது. ஆமாம், கடல் பக்கத்து முனையில். முதலில் ஒரு மடிப்பு போதுமாக இருந்தது, இப்போது நாலு மடிப்பு. நான் அதை உருவும்போது உன் அக்கா பின்னாலேயே நின்றிருக்கிறாள். குமிழி விடுவிடுவென்று ஊர்ப் பக்கமாக ஓடியது. "எந்தப் பக்கம் ஓடணும்னு அதுக்குக்கூடத் தெரியுது" என்றாள். எத்தனை நாளாகத் தெரியும் என்று கேட்டேன். "நாலு மாசமா வாணலியில எண்ணெய் ஒரு பக்கமாத்தான் நிக்குது. நீங்களா சொல்லுவீங்கன்னு பார்த்தேன்" என்றாள். கோபித்துக்கொள்ளவில்லை. அதுதான் தாங்கவில்லை. இப்போது பாத்திரங்களைத் துணியில் சுற்றிக்கொண்டிருக்கிறாள். டீச்சர் சாவியையும் அதில் வைத்துவிட்டாள்.

ஆகவே இங்கே மனை பார்க்கச் சொன்னாயே, நீ அங்கே எங்களுக்கு ஓர் அறை பார். அறை இல்லாவிட்டால் உன் வீட்டுப் பின்பக்கத்தில் இடம் விடு, நானே கட்டிக்கொள்கிறேன். சுவரில் தட்டி நூறு வருடம் என்று சொல்லச் சொல்லி மட்டும் என்னைக் கேட்காதே.