நான்கு வீடும் மூன்று கடனும்

"இந்தக் காப்பி வேணாம். ஓரத்துல கறுப்புக் கோடு விழுந்திருக்கு பாருங்க" என்று பிழை திருத்துகிறவர் தாளைத் தள்ளிவிட்டார்.

"எழுத்தெல்லாம் தெளிவாத்தானே சார் இருக்கு?" என்றார் ஜெராக்ஸ் கடைக்காரர்.

"கோடு கோடுதான். இன்னொரு தடவை போடுங்க."

அச்சகத்தில் இருபது வருஷமாக அடுத்தவர் எழுத்தில் குறை கண்டு கண்டு, உப்பு வாங்கக்கூட மூன்று கடை விசாரிக்கும் ஆளாகியிருந்தார் அவர். இப்போது விஷயம் உப்பு இல்லை. பன்னிரண்டு வருஷமாக அவர் குடியிருக்கும் கட்டடத்தையே, நான்கு வீடுகளோடு, வீட்டுக்காரர் விற்கிறார்.

"முதல்ல உங்களைத்தான் கேக்குறேன். ஒரு மாசத்துல சொல்லுங்க" என்றிருந்தார் வீட்டுக்காரர்.

கடன் போட்டு வாங்கினால், மற்ற மூன்று வீட்டு வாடகையே தவணையைக் கட்டிவிடும். மனைவி அன்றைக்கே சுத்தியலும் ஆணியும் வாங்கி வைத்துவிட்டாள். சுவரில் ஆணி அடிக்கக்கூடாது என்று வீட்டுக்காரர் சொல்லியிருந்ததால், அவளுடைய அம்மாவின் படம் பன்னிரண்டு வருஷமாக அலமாரிக்குள்ளேயே கிடந்தது.

அவர் நகலெடுக்கக் கொண்டுவந்த அட்டவணைத் தாளின் தலைப்பில் கட்டடத்தின் முகவரி, விலை. கீழே மூன்று கட்டம். பாங்கில் வட்டி குறைவு, கைக்காசு நிறையப் போட வேண்டும். கூட்டுறவுச் சங்கத்தில் கைக்காசு கொஞ்சம் போதும், வட்டி அரை சதவீதம் கூட. தனியார் பைனான்ஸில் மூன்றே நாளில் பணம், வட்டியோ கழுத்தை நெரிக்கும்.

"சங்கத்துலயே வாங்கிடுங்களேன்" என்றாள் மனைவி.

"அரை சதவீதம் கூடம்மா! இன்னும் ரெண்டு இடத்துல கேட்டுடறேன்."

கேட்டார். விண்ணப்பம் போட்டால்தான் சரியான வட்டி தெரியும் என்றார்கள். போட்டார். ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் அவருடைய கடன் மதிப்பெண் கொஞ்சம் இறங்கியது. மதிப்பெண் இறங்க இறங்க வட்டி ஏறியது. வட்டி ஏறியதால் அட்டவணை செல்லாக்காசானது. புது அட்டவணைக்காக இன்னும் மூன்று இடத்தில் விண்ணப்பம் போட்டார்.

"எட்டு இடத்துல கடன் கேட்டிருக்கீங்களே, ஏதாவது சிக்கலா சார்?" என்றார் பாங்க் மேலாளர்.

"சும்மா ஒப்பிட்டுப் பாக்கறேன் சார்."

"அப்போ நாங்களும் கொஞ்சம் யோசிச்சுப் பாக்கறோம்."

கடைசியில் சங்கத்துக்கே போனார். அங்கே அவருக்கு இப்போது ஒன்றரை சதவீதம் கூட. பல்லைக் கடித்துக்கொண்டு ஒப்புக்கொண்டு வீட்டுக்காரரிடம் ஓடினார். மாதம் முடிந்து நான்கு நாள் ஆகியிருந்தது.

"நேத்துதான் சார் முடிச்சேன். கெடுவுக்கு மேல மூணு நாள் உங்களுக்காகப் பொறுத்தேன். வாங்கின மனுஷன் சங்கத்துக் கடனை எப்பவோ ரெடி பண்ணிட்டார். கணக்குல அப்படி ஒரு தெளிவு!"

வீட்டில் மனைவி கதவைத் திறந்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். வெளியே எடுத்து வைத்திருந்த படத்தைத் துடைத்து, மறுபடி அலமாரிக்குள் வைத்தாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அரை சதவீதத்துக்கு ஆசைப்பட்டு அவளுக்கு ஒரு சுவர் இல்லாமல் செய்துவிட்டோமே என்று மனசு அடித்துக்கொண்டது.

கதவு தட்டும் சத்தம் கேட்டது. புது வீட்டுக்காரர், குடியிருப்பவர்களைப் பார்க்க வந்திருந்தார். திறந்தால், ஜெராக்ஸ் கடைக்காரர்! கையில் மடித்த தாள். அதில் பிழை திருத்துகிறவரின் கையெழுத்து.

"இது என்னோட அட்டவணையாச்சே! உங்களுக்கு எப்படிக் கிடைச்சுது? நான்தான் காப்பியை எடுத்துட்டுப் போயிட்டேனே?"

"நீங்க எடுத்துட்டுப் போனது நல்ல காப்பி சார். இது, ஓரத்துல கோடு விழுந்திருக்குன்னு நீங்க வேணாம்னு தள்ளிவிட்டது."