எஸ்.எஸ்.எல்.சி. வரைக்கும்

"எல்லாத்துலேயும் கொஞ்சம் கொஞ்சம் கலந்து குடுங்க" என்றாள் மெட்டில்டா.

எட்மண்ட் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அவளைப் பார்த்தான். "அக்கா, மிக்சர் கடை அடுத்த கதவு. இது லெண்டிங் லைப்ரரி."

"தெரியும்ப்பா. புஸ்தகம்தான் கேக்கறேன். விதவிதமா வேணும். கதை ஒண்ணு, சரித்திரம் ஒண்ணு, கவிதை, விஞ்ஞானம்..."

"எதுக்கு, பரீட்சைக்கா?"

"பெங்களூருக்கு."

எட்மண்டுக்குப் புரியவில்லை. புரியவைக்கும் உத்தேசம் அவளுக்கும் இல்லை. மேற்குத் தாம்பரத்தில் யாரிடமும் சொல்லிக்கொள்ளக்கூடிய விஷயமா அது?

இரண்டு வருஷத்துக்கு முன்னால், கோடை விடுமுறைக்குப் பெங்களூரில் நாத்தனார் அருள்மேரியின் வீட்டுக்கு அவளும் கணவனும் போயிருந்தார்கள். கூடத்தில் ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி அலமாரி. அதற்குள் சிவப்பு, பச்சை, நீலம், பழுப்பு என்று தடித்தடியாகப் புத்தகங்கள். ஒரு காலேஜ் புரொபசர் விருந்துக்கு வந்திருந்தார். அலமாரியை அண்ணாந்து பார்த்து, "அடேயப்பா! இதுல உங்களுக்குப் பிடிச்சது எது மேடம்?" என்று அருள்மேரியைக் கேட்டார். அருள்மேரி சிரித்துக்கொண்டே, "என்னை விடுங்க சார். இதோ நம்ம மெட்டில்டாவைக் கேளுங்க. மெட்டில்டா, நீ என்ன படிப்பே?" என்றாள்.

மெட்டில்டா அப்போது பாயசக் கிண்ணங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். கேள்வி பாதிதான் காதில் விழுந்தது.

"எஸ்.எஸ்.எல்.சி. வரைக்கும் அண்ணி" என்றாள்.

கூடம் சிரித்தது. புரொபசர் சிரித்தார். அருள்மேரி கண்ணில் நீர் வரச் சிரித்தாள். ஏன் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் மெட்டில்டாவும் கூடச் சேர்ந்து சிரித்தாள். அதுதான் பின்னால் நினைக்க நினைக்கத் தாங்கவில்லை. அரிசி களையும்போது, ரேஷன் கடை வரிசையில் நிற்கும்போது, பூசையில் முழங்காலில் இருக்கும்போது, எங்கிருந்தோ அந்தச் சிரிப்பு கிளம்பி வரும். காது மடல் சுடும். இத்தனைக்கும் அவள் படிக்காதவள் இல்லை. வாரப் பத்திரிகையின் தொடர்கதை ஒரு வாரமும் தவறியதில்லை. மளிகைப் பொட்டலம் கட்டி வந்த காகிதத்தைக்கூட நீவிவிட்டுப் படித்துவிட்டுத்தான் எறிவாள். ஆனால் அதையெல்லாம் அந்த அலமாரிக்கு முன்னால் சொல்ல முடியுமா?

இந்த மே மாதக் கடைசியில் மறுபடியும் பெங்களூர். அந்த அலமாரியிலிருந்து எந்த நிறத்தைக் காட்டி அண்ணி கேட்பாள் என்று தெரியாது. ஆகவே எல்லா நிறத்திலும் ஒன்று படித்துவிடுவது என்று முடிவு செய்திருந்தாள்.

"சிவப்புல ஒண்ணு குடுங்க. பச்சையில ஒண்ணு" என்றாள் எட்மண்டிடம்.

எட்மண்ட் ஆச்சரியப்படவில்லை. அவனுடைய வாடிக்கைக்காரர்களில் பாதிப் பேர் அப்படித்தான் கேட்பார்கள். தடிமனான ரஷ்ய நாவல் மொழிபெயர்ப்பு ஒன்று, பல்லவர் சரித்திரம், புதுக்கவிதை, தேனீ வளர்ப்பு என்று எடுத்துப் போட்டான். கடைசியாக, அட்டையில் பெரிய கேள்விக்குறி மட்டும் போட்ட நீலப் புத்தகம்.

"இது என்னப்பா?"

"தத்துவம்க்கா. நல்லா போவுது. ஆனா ஒரு ஆளுக்கு மூணு புஸ்தகம்தான் ரூல்."

"எனக்கு இப்பவே வேணுமே."

"அண்ணன் பேர்லயும் ஒரு மெம்பர்ஷிப் போட்டுடறேன். நம்ம சர்ச் பங்கு ஆள்தானே." தேனீயும் கவிதையும் அவள் பெயருக்குப் போயின. மற்ற மூன்றும் அவள் கணவன் அந்தோணிசாமியின் பெயருக்கு.

வீட்டுக்கு வந்ததும் அடுத்த பிரச்சினை. அந்தோணிசாமி பார்த்தால், "கலெக்டர் பரீட்சையா?" என்பான். பக்கத்து வீட்டுச் செல்லம்மா பார்த்தால் தெரு முழுக்கப் பார்த்தமாதிரி. போன வருஷம் வாங்கி மிச்சமிருந்த பிரவுன் பேப்பரை எடுத்து ஐந்துக்கும் அட்டை போட்டாள். போட்டு முடித்த பிறகுதான் எது எது என்று அவளுக்கே தெரியவில்லை என்பது உறைத்தது.

இருந்தாலும் படித்தாள். சோறு வேகும் நேரத்தில் ரஷ்யர்களைப் படித்தாள். அவர்கள் ஆளுக்கு மூன்று பெயர் வைத்திருந்தார்கள். யார் யாரைக் கல்யாணம் செய்கிறார்கள் என்று கண்டுபிடிப்பதற்குள் சோறு குழைந்துவிட்டது. திருமுடிவாக்கம் பட்டறையில் டிபன் பாக்ஸைத் திறந்த அந்தோணிசாமி, சாயங்காலம் வந்து, "இன்னிக்கு என்ன, போஸ்டர் ஒட்டவா அனுப்பினே?" என்று கேட்டான். பல்லவ ராஜாக்கள் வரிசை மாறி மாறிச் சண்டை போட்டார்கள். தேனீ மட்டும் பிடித்திருந்தது. ராணித் தேனீக்குக் கூட்டைவிட்டுப் போக நேரமே கிடைப்பதில்லை என்று படித்தபோது, அடுப்பை அணைத்துவிட்டு, அந்தப் பக்கத்தை இன்னொரு தடவை படித்தாள்.

மே மாதம் மாதாவின் வணக்க மாதம். சாயங்காலந்தோறும் மாதா சுரூபம் ஒரு வீட்டுக்கு வரும். தெருவே கூடி ஜெபமாலை சொல்லும். பிறகு சவுரிமுத்து உபதேசியார் வணக்கப் புத்தகத்திலிருந்து அன்றைய வாசகத்தை ராகம் போட்டு வாசிப்பார். அன்றைக்கு மெட்டில்டாவின் முறை.

"மெட்டில்டா, என் புஸ்தகத்தை நேத்துப் போன வீட்லயே வெச்சிட்டேன். உன்னுதைக் குடும்மா" என்றார் உபதேசியார்.

அவள் உள்ளே ஓடி, பிரவுன் அட்டை போட்ட புத்தகத்தை எடுத்துவந்து கொடுத்தாள். அவளுடைய வணக்கப் புத்தகத்துக்கும் போன வருஷமே பிரவுன் அட்டை போட்டிருந்தாள் என்பதை அந்த நிமிஷம் யார் நினைத்தார்கள்?

உபதேசியார் நடுப்பக்கத்தைப் பிரித்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, ராகத்தில் ஆரம்பித்தார். "அன்பானவர்களே! கை கூப்பி நிற்கிறீர்களே, யாரை நோக்கி?"

கூட்டம் உருகியது.

"சற்றே மேலே பாருங்கள்! என்ன தெரிகிறது?"

எல்லோரும் மேலே பார்த்தார்கள். மின்விசிறி தெரிந்தது.

"ஒன்றும் தெரியவில்லை அல்லவா? ஏனென்றால், அங்கே ஒன்றும் இல்லை!"

"ஆமென்" என்றாள் செல்லம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

உபதேசியாரின் ராகம் பாதியில் அறுந்தது. ஒரு பக்கம் தள்ளிப் பார்த்தார். முதல் பக்கத்துக்குப் போனார். பிரவுன் காகிதத்தை விலக்கினார். கேள்விக்குறி எட்டிப் பார்த்தது.

"இன்னாம்மா இது?"

"லைப்ரரியில மாத்திக் குடுத்துட்டாங்க போல உபதேசியாரே" என்றாள் மெட்டில்டா. வாயில் முதலில் வந்தது அதுதான்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். உபதேசியார் மறுநாள் நேரே எட்மண்டிடம் போய், "மாதா பிள்ளைங்க வீட்டுக்கு இதையா குடுப்பே?" என்று சண்டை பிடித்தார். எட்மண்ட் தன் கடையின் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டுமே. "நானா மாத்தினேன்? பாருங்க, அந்தோணிசாமி அண்ணன் பேர்ல எழுதியிருக்கு. இப்பவே வேணும்னு அவசரப்பட்டு வாங்கிப் போனது அவங்க வூட்லதான்" என்றான்.

சாயங்காலம் ஃபாதரே வந்துவிட்டார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "அந்தோணி, எவ்வளவு நாளா இந்தச் சந்தேகம்?" என்று கேட்டார்.

அந்தோணிசாமி பனியனோடு எழுந்து நின்றான். "எந்தச் சந்தேகம் ஃபாதர்?"

"கடவுள் இருக்காரா இல்லையான்னு."

அந்தோணிசாமி மெட்டில்டாவைத் திரும்பிப் பார்த்தான். அவள் கதவோரம் நின்றுகொண்டிருந்தாள். 'நான்தான் ஃபாதர்' என்று சொல்ல வேண்டும். சொன்னால் ஏன் என்று கேட்பார். கடவுள்மேல் சந்தேகம் வந்தது என்றுகூடச் சொல்லிவிடலாம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் பாயசக் கிண்ணத்தோடு நின்றபோது நாலு பேர் சிரித்தார்கள், அதற்காகத்தான் என்று எப்படிச் சொல்வது? புடவைத் தலைப்பின் நூலைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா ஃபாதர்" என்றான் அந்தோணிசாமி. "நான்தான். சும்மா, என்ன எழுதியிருக்கான்னு பாக்கலாம்னு."

"ஊர் பேசுது. வர்ற திருவிழாவுல நீ தேர் தூக்க வேணாம். இந்த ஒரு வருஷம் மட்டும்."

மீசை முளைத்த நாளிலிருந்து அந்தத் தேரின் முன்பக்க வலது கொம்பு அவனுடையது. அதற்காகவே தோளில் ஒரு காய்ப்பு இருந்தது. திருவிழா அன்று அவன் பெண்கள் வரிசைக்குப் பின்னால், கையைக் கட்டிக்கொண்டு நடந்தான். செல்லம்மா வேறு, ஜெபமாலையில் ஒவ்வொரு பத்து மணி உருட்டி முடிந்ததும், "அந்தோணிசாமியின் மனமாற்றத்துக்காக" என்று உரக்கச் சேர்த்துக்கொண்டாள். தெருவே பதில் சொன்னது. மெட்டில்டாவும் சொன்னாள். சொல்லாமல் இருந்தால் கவனிப்பார்களே!

அடுத்த வாரம் பெங்களூர் ரயில் ஏறினார்கள். அரக்கோணம் தாண்டியது. பிறகு அவன் ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டான்.

"எல்லாம் படிச்சு முடிச்சிட்டியா?"

"எதை?"

"அந்த பிரவுன் அட்டைங்களை. அக்கா கேட்டா கரெக்டா சொல்லிடுவே இல்ல?"

அவளுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. "உங்களுக்குத் தெரியுமா? தெரிஞ்சா ஏன் ஃபாதர்கிட்ட அப்படிச் சொன்னீங்க?"

"அன்னிக்கு அக்கா வீட்ல முதல்ல சிரிச்சது நான்தானே" என்றான் அவன்.

அவள் அதைக் கவனித்திருக்கவில்லை. இத்தனை நாளும் அந்தச் சிரிப்பில் எத்தனையோ குரல்களைப் பிரித்துப் பிரித்துக் கேட்டிருக்கிறாள். இந்த ஒரு குரலை மட்டும் எப்படி விட்டாள்? கோபம் வரவேண்டிய இடம். ஆனால் அவன் தோளைப் பார்த்ததும் வெட்கம்தான் வந்தது. இனி தோற்கக் கூடாது என்று மட்டும் நினைத்துக்கொண்டாள். தனக்காக இல்லை, அந்த வலது கொம்புக்காக.

பெங்களூரில் அலமாரி அப்படியே இருந்தது. கண்ணாடி பளபளவென்றிருந்தது. மெட்டில்டா அதற்கு நேர் எதிரே நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அண்ணி கேட்கவே இல்லை.

இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு அவளே ஆரம்பித்தாள். "அண்ணி, இந்தத் தடவை பல்லவர் சரித்திரம் படிச்சேன்."

"அப்படியா? குக்கர் விசில் அடிக்குது பாரு" என்று அருள்மேரி எழுந்து போனாள். குக்கர் அடுப்பிலேயே இல்லை.

மறுநாள், "ரஷ்யாக்காரங்க எழுதறதுல ஒரு ஆழம் இருக்கு, இல்ல அண்ணி?" என்றாள்.

"ஆமா ஆமா. ஏய் கன்னியம்மா, மாடியில துணி நனையுது!" வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

மெட்டில்டாவுக்குப் புரிந்துவிட்டது. தன்னோடு இதையெல்லாம் பேசுவதுகூட அண்ணிக்குக் கௌரவக் குறைச்சல். எஸ்.எஸ்.எல்.சி. வரைக்கும் என்று ஒரு தடவை சொல்லியாகிவிட்டது. இனி எத்தனை தேனீயைப் படித்தாலும் அவ்வளவுதான். கண் கலங்கியது. இருந்தாலும் கடைசியாக ஒரு தடவை. கிளம்புகிற அன்று காலையில், அலமாரியின் மூன்றாம் தட்டைக் காட்டினாள்.

"அண்ணி, அந்த நீல அட்டை புஸ்தகம் தத்துவம்தானே? எடுத்துக் குடுங்களேன், கொஞ்சம் புரட்டிப் பாக்கறேன்."

அருள்மேரியின் முகம் வெளுத்தது. "காபி கொண்டுவரேன்" என்று அடுக்களைக்குள் ஓடியவள் திரும்பி வரவில்லை. செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து அந்தோணிசாமியின் தலை எட்டிப் பார்த்தது.

கூடம் பெருக்கிக்கொண்டிருந்தாள் கன்னியம்மா. திருநீர்மலைப் பக்கத்திலிருந்து வேலைக்கென்று அருள்மேரி கூட்டிவந்த பெண். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, மெட்டில்டாவின் பக்கம் குனிந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"அத்த ஏன்க்கா கேக்கற? அந்த பீரோ இந்த வூட்ட வாடகைக்கு உட்ட தொரையோடது. சாவிய அவரு சீமைக்கு எடுத்துகினு பூட்டாரு. வருசக்கணக்கா நான் வெளிய கண்ணாடிய மட்டும்தான் தொடச்சிகினு கீறேன்."