இருபது பேருக்கு ஒரு வண்டி

எங்கள் வீட்டில் இந்த நிகழ்ச்சி பல வடிவங்களில் உலவுகிறது. ஒன்றில் நான் சிப்பாயின் காலில் விழுகிறேன். மற்றொன்றில் மாட்டின் காலில். இரண்டும் நடக்கவில்லை. ஆகவே நான் கண்ணால் கண்டதையும், என் மனைவி செல்லம்மா மறுக்காததையும் மட்டுமே எழுதுகிறேன். (அவள் மறுக்காதது மிகக் கொஞ்சம்.)

மலாயாவில் ஜப்பானியர் காலம். பெடாஸுக்கு அருகில் ஒரு ரப்பர் தோட்டத்து அலுவலகத்தில் நான் சின்னக் கிராணி, அதாவது கணக்கு எழுதும் குமாஸ்தா. பெரிய சாலையில் சிப்பாய்கள் தடுப்புக் கழி போட்டு, கடப்போரின் சீட்டைச் சோதித்தார்கள். அங்கே வரிசையைக் கவனிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. அதை நான் காவியம் இயற்றுவதுபோல் செய்தேன். நடப்பவர்க்கு ஒரு வரிசை, வண்டிக்கு ஒரு வரிசை. இருபது பேர் நடந்து கடந்தபின் ஒரு வண்டி. ஓர் ஊதுவத்தி எரிந்து முடிவதற்கு மேல் நடப்பவர் எவரும் காத்திருத்தலாகாது. காவலுக்கு நின்ற சிப்பாய்க்கு இது மிகவும் பிடித்துப்போயிற்று. மீறியவர்களை அறைந்தான். (அறை அவனுடையது, பெருமை என்னுடையது. அப்படிப்பட்ட அசடு நான்.)

அந்நாளில் மணமாகாத இளைஞர்களைச் சயாமில் ரயில்பாதை போட லாரியில் ஏற்றிச் சென்றார்கள். எங்கள் தோட்டத்திலிருந்து போனவர் எவரும் திரும்பவில்லை. மணமானவர்களை விட்டுவிடுவதாகப் பேச்சு. திங்கட்கிழமை லாரி வரும்; ஞாயிறன்று, தடுப்புக்கு அப்பாலுள்ள கோயிலில், எனக்குத் திருமணம். அந்த முகூர்த்தம் தப்பினால் ஆடி மாதம்.

அன்று காலை வரிசையை மாரிமுத்து என்னும் பால்வெட்டுத் தொழிலாளியிடம் ஒப்படைத்து, பெற்ற தகப்பனே வந்தாலும் விதியைத் தளர்த்தாதே என்று எச்சரித்துவிட்டு, நடந்து கடந்தேன். விருந்தினர் எல்லோரும் வந்து சேர்ந்தார்கள். பெண் வரவில்லை. உட்கார்ந்தேன், எழுந்தேன், மாலையைக் கழற்றினேன், மறுபடி போட்டேன். கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து அதன் முள்ளே கூசியிருக்கும். பெண்ணின் மாட்டுவண்டி தடுப்பில் நிற்பதாக ஒருவர் சாவகாசமாகச் சொன்னார்.

மாலையோடு ஓடினேன். வண்டி முதலாவதாகத்தான் நின்றது. சாலையில் வேறு ஈ காக்கை இல்லை. மாரிமுத்துவின் அருகில் மூன்றாவது ஊதுவத்தி அணைந்துகொண்டிருந்தது.

"வண்டிய விடுடா."

"எப்படி லா கிராணி? பதினாலு பேருதான் நடந்திருக்காங்க. இன்னும் ஆறு பேரு வரணும்."

"யாரு வருவா? அத்தன பேரும் என் கல்யாணத்துல உக்காந்திருக்காங்க."

"அதுக்கு நான் என்ன செய்ய? பெத்த அப்பன் வந்தாலும்னு சொன்னது நீங்கதானே."

சிப்பாயின் பக்கம் திரும்பி வணங்கினேன். அவன் ஆறு விரல்களைக் காட்டினான். அவனும் எண்ணிக்கொண்டிருந்தான்.

திங்கட்கிழமை லாரியின் ஓசை அப்போதே காதில் கேட்பதுபோல் இருந்தது. நான் தடுப்புக்கும் வண்டிக்குமாக அலைந்தபோது வண்டித் திரை விலகிற்று. செல்லம்மாவின் குரலை நான் முதன்முதலாகக் கேட்டது அப்போதுதான்.

"வண்டிக்குள்ளயே ஆறு பேரு இருக்கோமே. எறங்கி நடந்தா கணக்கு சரியாயிடாதா?"

பெண்ணும் பெற்றோரும் இரண்டு அத்தைமாரும் ஒரு சித்தப்பாவும் இறங்கி, சிப்பாயை வணங்கி, நடந்து கடந்தார்கள். இருபது. அவர்களுக்குப் பின்னால், விதிப்படி, வெறும் வண்டி கடந்தது.

மறுநாள் லாரி வந்தது. மணமானவர் பட்டியலில் என் பெயர் இருந்தது. லாரி என்னை விட்டுவிட்டுப் போயிற்று.

இன்றும் நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடியில் எங்கள் கார் நின்றுவிட்டால், பின்னிருக்கையிலிருந்து செல்லம்மா கேட்பாள்: "எத்தன பேரு கொறையுது?" பிள்ளைகள் உடனே கதவைத் திறந்து இறங்குவதுபோல் பாவனை செய்வார்கள்.

ஒன்று மட்டும் தெரியவில்லை. என் கைக்கடிகாரம் ஜப்பானியர் விதித்த டோக்கியோ நேரம் காட்டியது. பஞ்சாங்கம் அதற்கு ஒன்றரை மணி பிந்திய பழைய மலாயா நேரத்தில் இருந்தது. அந்த அவசரத்தில் எவரும் கழித்துப் பார்க்கவில்லை. தாலி கட்டியது முகூர்த்தத்துக்குள்ளா என்பதை நான் அறியேன்.