இறாலோடு உறைந்த வயிற்று மாத்திரை

அன்பும் மரியாதையும் உள்ள ஓடில் அக்காவுக்கு,

தம்பி ஆல்சிட் எழுதிக்கொள்வது. இல்லினாய்ஸில் நீயும் உன் மூன்று பூனைகளும் சுகமாக இருக்க மாதா அருள்வாளாக. இங்கே நாங்களும் சுகமே என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை ஒத்துழைக்கவில்லை. அக்கா, உன் மகன் காஸ்டன் என்னைக் கைது செய்யப் போகிறான். போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போனை ஒட்டுக் கேட்கிறார்களாம். படித்ததும் இதைக் கிழித்துவிடு.

நம் குடும்பத்து மூட்டுவலி உனக்குத் தெரியும். வலி மாத்திரை வயிற்றைப் புண்ணாக்காமல் இருக்க, உனக்குத் தருகிற அதே வெள்ளை மாத்திரையைத்தான் எனக்கும் தருகிறார்கள். கருவைக் கலைக்கவும் அதுதானாம். அதனால் இங்கே லூயிசியானா சட்டசபையில் கூடிப் பேசி, அதைப் போதை மருந்துகளோடு சேர்த்துவிட்டார்கள். டாக்டர் சீட்டு இல்லாமல் வைத்திருந்தால் ஜெயில். மருந்துக் கடைக்குப் புதிதாக வந்த பெண் என் வழுக்கையைப் பார்த்துக்கொண்டே, "இது உங்களுக்கு எதுக்கு சார்?" என்று கேட்டாள். பின்னால் வரிசையில் நின்ற நம் ஊர் க்ளோவிஸ், "கொழந்த எப்பப் பொறக்குதுன்னு சொல்லுப்பா, நாந்தான் ஞானத்தகப்பன்!" என்று கத்த, கடையே சிரித்தது. எனக்கு மட்டும் முதுகில் வேர்த்தது. வீட்டுக்கு வந்து சொன்னால் என் பெண்டாட்டி வெர்லி, "டப்பா மேல உங்க பேருதானே ஒட்டியிருக்கு, பயப்பட என்ன இருக்கு?" என்கிறாள். பயமே அதுதான் என்பது இவளுக்கு எங்கே புரிகிறது!

காஸ்டன் ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வருவான். ஷெரீஃபின் போலீஸ்காரன்; துப்பாக்கியோடுதான் உட்கார்ந்து கும்போ குழம்பு சாப்பிடுகிறான். ஆகவே வயிறு எரிந்தால் எரியட்டும் என்று, பழைய பால் அட்டைப்பெட்டியில் இறாலைப் போட்டுத் தண்ணீர் ஊற்றி உறைய வைப்போமே, அதற்கு நடுவில் மாத்திரை டப்பாவை பிளாஸ்டிக்கில் சுற்றி இறக்கிவிட்டேன். உறைந்ததும் வெளியில் வால்கள் மட்டும்தான் தெரிந்தன. வெர்லியிடம் சொல்லவில்லை, அதுதான் நான் செய்த தப்பு. அவன் கிளம்பும்போது இவள் பனிப்பெட்டியைத் திறந்து, "டேய், தவக்காலம், வெள்ளிக்கிழம கறி கெடையாது. இந்தா, இறாலக் கொண்டுபோ. மாசமா இருக்குற பொண்ணு, நொயெல்லிக்கு ருசியா ஏதாச்சும் செஞ்சு குடு" என்று அந்தப் பெட்டியையே எடுத்துக் கொடுத்தாள். நானும் பெட்டியின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டேன்.

"என்ன மாமா, ஒரு மாதிரி இருக்கீங்க?"

"வயிறுடா" என்றேன். அது பொய்யில்லை.

நேற்று அவன் வேலைக்குப் போன நேரம் பார்த்து, பெட்டியைத் திருடிவரப் போனேன். உன் மருமகள் சோபாவில் சுருண்டு கிடந்தாள், முகம் வெளுத்து, கண் சிவந்து. "இறாலா மாமா? இப்பத்தான் எடுத்து வெளிய வெச்சேன்" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்து அழுதாள். அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது, கட்டின புருஷனே மாமாவுக்கு விலங்கு போட வேண்டியிருக்கிறதே என்றுதான் அழுகிறாள் என்று புரிந்துகொண்டேன். தொப்பியை அங்கேயே விட்டுவிட்டு ஓடி வந்தேன். இந்நேரம் பனி உருகியிருக்கும். வாசலில் எந்தக் கார் நின்றாலும் குளியலறைக்குள் போய்விடுகிறேன்.

ஆகவே அக்கா, மகனைக் கூப்பிட்டு, தாய்மாமன் வயசானவன் என்று நைசாகச் சொல்லிவை. ஈஸ்டருக்கு வரும்போது தயவுசெய்து உன் மாத்திரையை இந்த மாநிலத்துக்குள் கொண்டு வராதே. ஒரு குடும்பத்தில் ஒரு கைதி போதும். உனக்கும் பூனைகளுக்கும் கடவுள் நீண்ட ஆயுளும் நல்ல மூட்டும் தரட்டும்.

இப்படிக்கு, இன்னும் வெளியில் இருக்கும் உன் தம்பி,
ஆல்சிட்

பி.கு.: மேலே எழுதியதையெல்லாம் விட்டுவிடு. உறையை ஒட்டுவதற்குள் காஸ்டன் வந்துவிட்டான், கையில் என் டப்பாவோடு. நான் இரண்டு கையையும் நீட்டினேன். "கையக் கீழ போடுங்க மாமா" என்று சொல்லிவிட்டு வாசற்படியில் உட்கார்ந்து அழுதான். அக்கா, குழந்தை வயிற்றுக்குள்ளேயே இறந்துவிட்டது. இரத்தம் நிற்கவில்லை. அதை வெளியேற்றி இரத்தத்தை நிறுத்த டாக்டர் இதே மாத்திரையைத்தான் எழுதிக் கொடுத்திருக்கிறார். கடையில், டாக்டரிடமே பேசி உறுதி செய்யாமல் தர மாட்டோம் என்கிறார்கள். டாக்டர் திங்கட்கிழமைதான் கிடைப்பாராம். ஆஸ்பத்திரியில், இன்னும் மோசமானால் வாருங்கள் என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

"சட்டப்படி இத நான் உங்ககிட்ட கேக்கவே கூடாது மாமா" என்றான். "கேக்குறேன்."

நான் பேசுவதற்குள் வெர்லி செருப்பை மாட்டிக்கொண்டு அவன் காரில் ஏறிவிட்டாள். இன்னும் அங்கிருந்து தகவல் இல்லை. அந்தப் பெண் நேற்று அழுதது எதற்கு என்று இப்போதுதான் தெரிகிறது, நெஞ்சு வலிக்கிறது. இருந்த மாத்திரை போதுமா என்று இங்கே யாருக்கும் தெரியாது, யாரிடமும் கேட்கவும் முடியாது. இதை விரைவுத் தபாலில் போடுகிறேன். ஈஸ்டர் வரை காத்திருக்காதே, உன் டப்பாவை எடுத்துக்கொண்டு உடனே கிளம்பு. பயப்படாதே என்று எழுத எனக்குக் கை வரவில்லை. பயந்துகொண்டே கொண்டு வா.