உடைய மறுத்த தளக்கல்

ஒரு காட்டில், பெரிய காடு என்று நினைத்துவிடாதீர்கள், தொழிற்பேட்டைக்காரர்கள் வளைத்தது போக மிச்சம் கிடந்த ஒரு காட்டில், மயிலாத்தா என்ற முள்ளம்பன்றி தன் வீட்டுக்காரர் நாச்சிமுத்துவோடு குடித்தனம் நடத்திவந்தாள். முள்ளம்பன்றிக்கு மயில் பேரா என்று கேட்கக் கூடாது. பெற்றவர்களுக்கு ஆசை இருக்காதா?

காட்டின் நடுவே ஓர் ஓடை ஓடியது. ஓடைக்கு இந்தப் பக்கம் இவர்களுடைய வளை. அந்தப் பக்கம் கிழங்கு. இரண்டுக்கும் நடுவே இறங்கிக் கடக்க ஒரே ஒரு இடம்தான் இருந்தது. அந்த இடத்தைப் பார்த்துத்தான் மூன்று லாரிகள் வரும். பாட்டில் கம்பெனி லாரி கண்ணாடி உடைசலைக் கொட்டும். வாளி, குடம் செய்கிற கம்பெனியின் லாரி பிளாஸ்டிக் வெட்டுத்துண்டுகளைக் கொட்டும். மூன்றாவது லாரி பாய்லர் சாம்பலைச் சூடு ஆறுவதற்குள் கொட்டிவிட்டு, ஹாரன் அடித்தபடி போய்விடும்.

பிளாஸ்டிக் மிதந்து போகும். கண்ணாடி போகாது. அடியிலேயே கிடந்து யார் கால் வைக்கிறார்கள் என்று காத்திருக்கும். நாச்சிமுத்துவின் பின்னங்காலை இரண்டு முறை பதம் பார்த்தாகிவிட்டது. "இன்னொரு தடவை வெட்டுச்சுன்னா கால் தேறாது" என்று வைத்தியர் குரங்கு கையை விரித்துவிட்டது. நாச்சிமுத்து கேட்டால்தானே?

"கிழங்கு என்ன நடந்தா வரும்? நான் போய்ட்டு வந்தர்றேன் புள்ள" என்று தினமும் காலையில் நொண்டிக்கொண்டே கிளம்பிவிடுவார். அவர் திரும்பி வருகிறவரைக்கும் மயிலாத்தா ஓடைக்கரையை விட்டு நகரமாட்டாள். இப்போதாவது தண்ணீர் தெளிவாக இருக்கிறது, பார்த்துக் கால் வைக்கலாம். ஐப்பசி மழை இறங்கித் தண்ணீர் கலங்கிவிட்டால்? ஐப்பசிக்கு இன்னும் ஒரு மாதம்தான் இருந்தது.

மயிலாத்தா அழுதுகொண்டு உட்காருகிற ரகமில்லை. வெட்டுகிற கண்ணாடியையே வெட்டாத கல்லாக்கி, ஓடையின் அடியில் வரிசையாகப் பாவி, அதன்மேல் வீட்டுக்காரரை நடக்கவைக்கிறேன் பார் என்று வேலையில் இறங்கினாள்.

கண்ணாடியைப் பாறையில் போட்டு மாவாக அரைத்தாள். தகரத் தட்டில் பிளாஸ்டிக்கைப் போட்டு, சாம்பல் குவியலுக்குள் கனன்றுகொண்டிருந்த நெருப்பின்மேல் வைத்து உருக்கினாள். அதில் கண்ணாடி மாவைக் கொட்டிக் கிளறி, வெட்டிய எண்ணெய் டின்னில் ஊற்றி, மேலே பாறாங்கல்லை ஏற்றி அழுத்தினாள். முதல் கல் தொட்டதும் உதிர்ந்தது. பிளாஸ்டிக் போதவில்லை. இரண்டாவது கல் வெயிலில் தோசை மாதிரி வளைந்தது. பிளாஸ்டிக் அதிகமாகிவிட்டது. மூன்றாவது கல் முழுக்கப் பொத்தல். கண்ணாடி மாவு ஈரமாக இருந்தால் ஆவி கிளம்பிப் பொத்தல் விழும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டாள். நான்காவது கல் இரண்டாகப் பிரிந்துபோனது. பிளாஸ்டிக்கில் ஒட்டியிருந்த கிரீஸைக் கழுவாமல் விட்டிருந்தாள்.

ஐந்தாவது கல்லைப் பாறையில் ஓங்கி அடித்தாள். பாறையில் ஒரு சில்லு பெயர்ந்தது. கல் அப்படியே இருந்தது.

கிளறிய கிளறலில், வால்முள் ஒன்றிரண்டு தவிர, அவளுடைய முட்கள் ஒவ்வொன்றின் நுனியிலும் நீல நிறப் பிளாஸ்டிக் உருண்டு கெட்டியாகி, பாசிமணி கோத்தது போல ஆகிவிட்டது. நாச்சிமுத்து அவளைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். "ஏம்புள்ள, கல்யாணத்துக்குக்கூட நீ இப்பிடிச் சோடிச்சுக்கலையே" என்றார். மயிலாத்தாவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

நல்ல கல்லைச் செய்தாகிவிட்டது, ஓடையில் போட வேண்டியதுதானே என்கிறீர்கள். அந்தக் காட்டில் நீங்கள் குடியிருந்ததில்லை. அங்கே ஆலமரத்தடியில் தரச்சான்று அலுவலகம் என்று ஒன்று இருந்தது. பொது வழியில் எதைப் பாவுவதாக இருந்தாலும் அங்கே சான்று வாங்க வேண்டும். அலுவலர், வெள்ளியங்கிரி என்கிற கொக்கு. விதி என்று வந்துவிட்டால் அசையமாட்டார்.

"ஏனுங்கய்யா, ஓடையில கெடக்கற கண்ணாடிக்கு யாரு சான்று குடுத்தாங்க?" என்று கேட்டாள் மயிலாத்தா.

"அம்மிணி, அது பாவுனதில்ல, கொட்டுனது" என்றார் வெள்ளியங்கிரி. "பாவறதுக்குத்தான் சான்று. கொட்டறதுக்கு ஒண்ணும் வேண்டியதில்ல. படிவம் ஏழு வாங்கிட்டு வரிசையில நில்லுங்கோ. ஒரு மனுவுக்கு மூணு கல்லு."

வரிசையில் நின்றாள். மூன்று நாள் நின்றாள். மனு மேசைக்கு வந்தது. சோதனை போடுவதற்கென்று குட்டியப்பன் என்கிற யானையை அலுவலகத்தில் எடை உதவியாளராகப் போட்டிருந்தார்கள். இரண்டு பாறைகளுக்குக் குறுக்கே கல்லை வைப்பார்கள். அதன்மேல் முதலில் குருவி, பிறகு முயல், பிறகு மான் என்று ஏறும். எதற்கும் உடையாவிட்டால் கடைசியில் குட்டியப்பன் ஏறுவான். அதற்குமேல் எடை அந்தக் காட்டில் கிடையாது.

குட்டியப்பன் ஒரு காலை வைத்தான். இரண்டு காலை வைத்தான். நான்கு கால்களையும் குறுக்கிக்கொண்டு ஏறி நின்று, மயிலாத்தாவைப் பார்த்து, "அக்கா, ஊஞ்சல்ல நிக்கிறாப்பல இல்லீங்க, தரையில நிக்கிறாப்பலயே இருக்குதுங்க" என்றான். மூன்று கல்லும் அசையவில்லை. சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். மயிலாத்தாவின் நீலமணி முட்கள் சந்தோஷத்தில் சிலிர்த்தன.

வெள்ளியங்கிரி மட்டும் படிவத்தையே முறைத்துக்கொண்டிருந்தார்.

"ஒன்பதாவது கேள்வியப் பாருங்கோ. 'எத்தனை எடையில் உடைந்தது?' நான் என்னன்னு எழுதறது?"

"ஒடையலைன்னு எழுதுங்கய்யா."

"ஒடையலைன்னா அது எடையா? எடையத்தான் எழுதோணும். காலியா உடக் கூடாது. கோடு போட்டா மேலிடத்துல கேப்பாங்க. ஒடையாத கல்லுக்கு நான் எப்பிடி அம்மிணி உத்தரவாதம் குடுக்கறது?" என்றவர், மூன்று கல்லின்மீதும் 'தகுதியற்றது' என்று முத்திரை குத்திவிட்டார்.

மயிலாத்தா வெளியே வந்தாள். வீட்டுக்குப் போனாள். ஒரு பொழுது முழுக்க யோசித்தாள். உடைய வேண்டும், அவ்வளவுதானே? செய்யக் கூடாது என்று தான் கற்றுக்கொண்ட எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் செய்தாள். பிளாஸ்டிக்கைக் கழுவவில்லை. கண்ணாடி மாவை ஓடைத் தண்ணீரில் நனைத்தாள். அளவைத் தலைகீழாக்கினாள். தன் கையாலேயே இப்படி ஒரு கல்லைச் செய்கிறோமே என்று அவமானமாக இருந்தது. மூன்று கல்லையும் மடியில் வைத்த பிள்ளை மாதிரி பொத்திப்பொத்தி எடுத்துக்கொண்டு போனாள்.

குருவி உட்கார்ந்தது. கல் பொடிப்பொடியாகப் போனது. இரண்டாவது கல்லும் அப்படியே. மூன்றாவதை மாதிரிக்கு என்று எடுத்து வைத்தார்கள்.

"பாத்தீங்களா, இதுதான் கல்லு!" என்று வெள்ளியங்கிரிக்கு முகமெல்லாம் பல். கொக்குக்குப் பல் ஏது என்று கேட்காதீர்கள், அவ்வளவு மகிழ்ச்சி. ஒன்பதாவது கேள்விக்கு எதிரே 'ஒரு சிட்டுக்குருவி, இரை எடுத்தபின்' என்று அழகாக எழுதி, பச்சை மையில் கையெழுத்துப் போட்டுச் சான்றிதழைக் கையில் கொடுத்தார். "இனி இந்த மாதிரிக் கல்லு மட்டுந்தான் ஓடையில பாவோணும். மாத்திப் பாவுனா குத்தம்."

குருவி தாங்காத கல்லில் வீட்டுக்காரரை எப்படி நடக்கவிடுவது? சான்றிதழும் கையுமாக மயிலாத்தா ஓடைக்கரைக்கு வந்து நின்றாள். மேகம் கட்டத் தொடங்கியிருந்தது. அந்த நேரம் பார்த்துக் குட்டியப்பன் எதையோ தூக்கிக்கொண்டு வந்து ஓடைக்குள் தொப்பென்று போட்டான். பார்த்தால், முத்திரை குத்திய அவளுடைய பழைய கல்.

"தம்பி, என்ன பண்றே?"

"நிராகரிச்ச கல்லுங்கக்கா. ஆபீசுல வெச்சிருக்கக் கூடாதுன்னு விதி. கொண்டாந்து ஓடையில கொட்டிரோணும்."

"கொட்டறதுக்கு அனுமதி?"

"கொட்டறதுக்கு எதுக்குங்கக்கா அனுமதி?" என்று குட்டியப்பன் சிரித்தான்.

கல் மிதக்கவில்லை. கண்ணாடியின் பாரம் உள்ளே இருக்கிறதல்லவா, கண்ணாடி உடைசலை அமுக்கிக்கொண்டு அடியில் சப்பென்று உட்கார்ந்துவிட்டது. மயிலாத்தா மெதுவாக இறங்கி அதன்மேல் நின்றாள். ஆடவில்லை, வெட்டவில்லை. அவள் குட்டியப்பனைப் பார்த்தாள். குட்டியப்பன் அவளைப் பார்த்தான். பெரிய உடம்புக்குப் புரிய நேரமாகும் என்பார்கள், அவனுக்கு உடனே புரிந்துவிட்டது.

"தம்பி, அடுத்ததக் கொஞ்சம் எடதுபக்கமாத் தள்ளிக் கொட்டு."

மறுநாளிலிருந்து வரிசையில் முதல் ஆள் மயிலாத்தாதான். கழுவிய பிளாஸ்டிக், காய்ந்த கண்ணாடி மாவு, சரியான அளவு. தினம் ஒரு மனு, தினம் மூன்று கல். குட்டியப்பன் ஏறி நிற்பான். உடையாது. முத்திரை விழும். சாயங்காலம் ஓடையில் வரிசை பிசகாமல் மூன்று கல் கொட்டப்பட்டிருக்கும்.

"சான்றுதான் வாங்கியாச்சே அம்மிணி, மறுபடியும் எதுக்கு வர்றீங்க?" என்றார் வெள்ளியங்கிரி.

"இது அதவிட நல்ல கல்லுங்கய்யா. எப்பிடியும் பாசாயிரும்னு நம்பிக்கைங்க."

"பாசா? நான் இருக்கறவரைக்கும் நடக்காது!" என்று அவர் இரட்டை முத்திரையாகக் குத்துவார். மயிலாத்தா முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வெளியே வந்து, மரத்துக்குப் பின்னால் போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

பன்னிரண்டு நாளில் முப்பத்தாறு கல். முதலில் கொட்டிய மூன்றோடு முப்பத்தொன்பது. ஓடையின் நட்டநடுவில், ஆழம் அதிகமான இடத்தில், மூன்று கல் இடைவெளி மட்டும் பாக்கி. பதின்மூன்றாம் நாள் காலையில் தூறல் போட்டது. தண்ணீர் கலங்கத் தொடங்கிவிட்டது.

அன்றைக்குப் பார்த்து வெள்ளியங்கிரி மயிலாத்தாவை எழுந்து நின்று வரவேற்றார்.

"அம்மிணி, சந்தோஷமான சேதி! மேலிடத்துலருந்து சுற்றறிக்கை வந்திருக்குது. ஒன்பதாவது கேள்வில இனிமே 'உடையவில்லை'ன்னே எழுதலாமாமா. உங்க கல்லு பாஸ்!"

"பாசானா, இன்னைக்கே ஓடையில போட்டரலாமுங்களா?"

"அதெப்பிடி? பாசான கல்ல இங்க பத்திரமா வெச்சுக்குவோம். நீங்க பாவறதுக்குத் தனியா மனுப் போடோணும். குழு வந்து எடம் பாக்கும். தை மாசி ஆகும்."

தை, மாசி! அதற்குள் எத்தனை கால்களை இந்த ஓடை விழுங்கும்? வெள்ளியங்கிரி பேனாவை எடுத்து ஒன்பதாவது கேள்விக்கு நேராக 'உ' என்று எழுதியும்விட்டார். மேசையில் அவருடைய பச்சை மைப் புட்டி திறந்திருந்தது. பச்சை மையில் அலுவலர் மட்டும்தான் எழுதலாம் என்பது அந்தக் காட்டில் பிறந்த எலிக்குஞ்சுக்குக்கூடத் தெரியும். அவள் சட்டென்று திரும்பி, மணி கோக்காமல் தப்பியிருந்த வால்முள் ஒன்றைப் புட்டியில் முக்கி, மனுவின்மீது கொட்டை எழுத்தில் தன் பெயரைப் பச்சையாக எழுதிவிட்டாள்.

கொக்கு வெளிறியது. ஏற்கெனவே வெள்ளைதான், இருந்தாலும் வெளிறியது.

"பச்சை மை! பொதுசனம்! பச்சை மையில!" என்று வெள்ளியங்கிரி குதித்தார். "மனுத் தள்ளுபடி! மூணு கல்லும் தள்ளுபடி! குட்டியப்பா, இதுக என்ற கண்ணு முன்னால நிக்கக் கூடாது, இப்பவே கொண்டுபோய்க் கொட்டு!"

"இந்தா, ஆச்சுங்கய்யா" என்று குட்டியப்பன் ஓட்டமாக ஓடினான். அவன் அப்படி ஓடி அந்தக் காடு பார்த்ததில்லை.

அன்று மத்தியானம் மழை கொட்டித் தீர்த்தது. மழை விட்டதும் நாச்சிமுத்து கிளம்பினார். மயிலாத்தா தடுக்கவில்லை. கலங்கிய தண்ணீருக்கடியில் கல் தெரியவில்லை. ஆனால் கால்வைத்த இடமெல்லாம் கல் இருந்தது. நடுஓடையில் அவர் நின்று, காலைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டார். வெட்டு இல்லை. "ஏம்புள்ள, நீயும் வா" என்று கூப்பிட்டார். இருவரும் சேர்ந்து நடந்தார்கள். மணி கோத்த முள் குத்தாது என்பதால் நாச்சிமுத்து முதல் முறையாக அவள் தோளில் சாய்ந்துகொண்டு நடந்தார். மயிலாத்தாவுக்கு அழுகை வந்துவிட்டது, நல்ல அழுகைதான்.

அடுத்த வாரம் அலுவலகத்தில் விழா எடுத்தார்கள். மாதிரிக்கு என்று எடுத்து வைத்திருந்த அந்தக் குருவிச் சான்றுக் கல்லுக்கு மாலை போட்டு, சந்தனம் வைத்து, திறந்துவைக்கிற முதல் அடியை எடுத்துவைக்க வெள்ளியங்கிரியே முன்வந்தார். கல் பொடியானது. "சான்றுல என்ன எழுதியிருக்குதோ அப்பிடியே ஒடஞ்சிருக்குது பாருங்கோ!" என்று அவர் பெருமையோடு முழங்க, கூட்டம் கைதட்டி ஓய்ந்தது. பிறகு சர்க்கரைப் பொங்கலை வாங்கிக்கொண்டு எல்லோரும் கழிவென்று கொட்டிய கற்களின்மீது நடந்து பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்தார்கள்.

நீதி: நல்ல காரியத்துக்கு அனுமதி கேட்டு அலையாதீர்கள். நிராகரிக்கும்படி கேளுங்கள், அன்றைக்கே கிடைக்கும், கொண்டுபோய்ப் போட யானையும் கொடுப்பார்கள்.